விளையாட்டும் ஊர் ஒன்றுகூடலும்: கரடியனாற்றுப் பகுதியை முன்வைத்துச் சில குறிப்புகள்

கைத்தொலைபேசிகளையும் தொலைக்காட்சிப் பெட்டிகளையும் ஓரிரவேனும் ஒதுக்கிவைத்துவிட்டு, அயலவரும் உறவினரும் ஓரிடத்திற் கூடி விளையாட வேண்டும் என்னும் கோரிக்கை அண்மைக் காலத்தில் நகரங்களிலும் நம்மவர் புலம்பெயர்ந்து வாழும் நாடுகளிலும் பரவலாகக் கேட்கப்படுகின்றது. திரை மக்களைப் பிரிக்கின்றது. அதனை அகற்றினால் மக்கள் சேர்வர் என்பதே இக்கோரிக்கையின் எடுகோளாகும். இதன் முற்பகுதியில் உண்மை உண்டு. பிற்பகுதியோ ஆராயப்படாமலே ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. திரை வருவதற்கு முன்னர் மக்கள் எப்பொழுது கூடினர், எதன் பொருட்டுக் கூடினர், அக்கூட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டோர் யாவர் என்னும் வினாக்களை எழுப்பாது, இழந்துபோன பொற்காலம் ஒன்றைக் கற்பித்துக்கொண்டு அதற்குத் திரும்ப முனைவது வரலாற்று நோக்கு ஆகாது.

இக்கட்டுரையில் நாம் மட்டக்களப்பின் படுவான்கரையை, சிறப்பாகக் கரடியனாற்றையும் அதனை அடுத்த ஊர்களையும் மனங்கொண்டு இவ்வினாக்களை நோக்க முயல்கின்றோம். மட்டக்களப்பின் கூத்து மரபு பற்றி நிரம்ப எழுதப்பட்டுள்ளது. அதனோடு ஒப்பிடுமிடத்து விளையாட்டுக்கள் பற்றிய சமூகவியல் நோக்கு குறைவு என்றே கூறவேண்டும். விளையாட்டு சிறுவர்க்குரியது, ஆய்வாளர்க்குரியதன்று என்னும் எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம்.

செங்கலடியிலிருந்து பதுளை நோக்கிச் செல்லும் வீதியில், ஏறாவூர்ப்பற்றுப் பிரிவில் அமைந்தது கரடியனாறு. வாவிக்கு மேற்கே, ஞாயிறு படும் திசையிலுள்ள நிலப்பரப்பைப் படுவான்கரை என்றும், கடலை அண்டிய கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும் மட்டக்களப்பார் வழங்குவர். உன்னிச்சை, உறுகாமம் முதலிய குளங்களும், அவற்றின் நீரை நம்பிய வயல்களும், நீர்ப்பாய்ச்சலற்று மாரிமழையை மட்டும் நம்பிய வயல்களும், அவற்றுக்கு அப்பால் காடுமாக விரிவது இப்பிரதேசம். பெயரிலேயே காட்டு விலங்கொன்றைத் தாங்கிய இவ்வூரில் இன்றும் கமக்காரனின் முதற்பகை யானையே.

நிலவுடைமை நிலைமை இங்கு நினைவிற்கொள்ளத்தக்கது. பழைய அமைப்பிற் பெரும் வயற்பரப்புகள் போடிமாருக்கு உரியனவாயிருந்தன. போடியாரின் வயலைப் பொறுப்பேற்று நடத்தியவன் முல்லைக்காரன். அவனுக்குக் கீழே கூலிக்கும் பங்குக்கும் உழைத்தோர். எழுவான்கரையிற் குடும்பத்தை விட்டுவிட்டு, விதைப்பு முதல் அறுவடை வரை வயலருகே வாடியமைத்துத் தங்கியோர் பலர். பகலில் உழைப்பு, இரவிற் காவல். பன்றியும் யானையும் வராது பரணில் விழித்திருத்தல் வேண்டும். எனவே படுவான்கரையில் இரவு என்பது ஓய்வுக்கென விடப்பட்ட நேரமன்று. உழைப்பின் இரண்டாம் பகுதி எனலாம். பரணிலிருந்து பரணுக்குக் குரல் கொடுத்தும், கவி பாடியும், நொடி போட்டும் உறக்கத்தை விரட்டியோரை நாம் 'பொழுதுபோக்கியோர்' என்று அழைப்பது பொருந்தாது. அவர்கள் பொழுதைப் போக்கவில்லை, பொழுதைக் காத்தனர். நொடிக்கு விடை தேடுபவன் உறங்கமாட்டான் என்பது எளிய உண்மை.

சூடு மிதித்த இரவுகளும் அத்தகையனவே. களவெட்டியில் எருமைகளைப் பிணைத்து நிலவொளியிற் சூடு மிதிப்பது பல குடும்பங்களின் கூட்டுழைப்பை வேண்டிற்று. கூட்டுழைப்பு இருந்தமையால் காத்திருப்பும் இருந்தது. காத்திருப்பு இருந்தமையால் கதையும் பாட்டும் விளையாட்டும் இருந்தன. இன்று அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிச் சில மணி நேரத்திற் கதிரை அறுத்து நெல்லைப் பிரித்துக் கொடுத்துவிடுகின்றது. அவ்வியந்திரம் உடலை முறிக்கும் உழைப்பிலிருந்து மக்களை விடுவித்தது. அதனைப் பழிப்பது அறியாமை. ஆனால் களவெட்டியின் இரவைக் கலைத்தது கைத்தொலைபேசியன்று என்பதும், உற்பத்திமுறையில் ஏற்பட்ட மாற்றமே அதனைக் கலைத்தது என்பதும் திரையைக் குற்றஞ் சாட்டுவோர் மனங்கொள்ள வேண்டியனவாகும்.

விளையாட்டுக்கும் உழைப்புக்குமுள்ள உறவு பற்றிய விவாதம் பழையது. 1896இல் 'உழைப்பும் தாளலயமும்' என்னும் நூலை வெளியிட்ட ஜேர்மானியப் பொருளியலாளர் கார்ல் பூஹர், உழைப்பினும் விளையாட்டே முந்தியது என்னும் கருத்தை முன்வைத்தார். அந்நூல் தந்த செய்திகளைப் பெரிதும் மதித்த பிளெக்கானவ், இக்கருத்தை மறுத்தார். தனி மனிதனின் வாழ்க்கையிற் குழந்தை முதலில் விளையாடுகின்றது, பின்னரே உழைக்கின்றது. ஆயின் சமுதாயத்தின் வாழ்க்கையில் வளர்ந்தோரின் உழைப்பு முன்னரே இருப்பதனாற்றான் குழந்தை அதனை விளையாட்டாகப் போலச்செய்கின்றது என்பது அவரது வாதத்தின் சாரம். இதற்கு மாறாக, 1938இல் ஒல்லாந்தரான ஹியூசிங்கா, விளையாட்டு அன்றாட வாழ்வுக்குப் புறம்பான தனியொரு வட்டத்துள் நிகழ்வது, பொருள் நலன் சாராதது என்றார். இன்றைய விளையாட்டிரவுக் கோரிக்கை, தன்னை அறியாமலே, ஹியூசிங்காவின் வட்டத்துள் நிற்கின்றது. கதவை மூடித் தொலைபேசியைக் கூடையில் இட்டுவிட்டால் உலகம் வெளியே நின்றுவிடும் என்பது அதன் நம்பிக்கை.

நமது பிள்ளைகள் நிலவில் ஆடிய கிளித்தட்டைச் சற்று நோக்குவோம். நிலத்தில் நீண்ட சதுரமொன்று கீறி, நடுவே நெடுங்கோடும் குறுக்கே பல கோடுகளும் இடுவர். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவர் காவல். கிளி எனப்படுபவர் மட்டும் நெடுங்கோட்டிலும் சுற்றுக் கோட்டிலும் ஓடித்திரியலாம். எதிரணியினர் தட்டுத் தட்டாகக் கடந்து மறுபுறம் செல்ல வேண்டும். கடந்தவர் பழம், கடவாதவர் காய். இக்கோடுகள் வரம்பின்றி வேறென்ன? தட்டுகள் வயற்கண்டங்களே, கோட்டில் நிற்போர் காவற்காரரே, விளைச்சலின் சொல்லே வெற்றியின் சொல்லாகியுள்ளது. வயலிற் கதிர் கொய்யும் கள்வனான கிளி இங்கே காவலுக்குத் தலைமை தாங்குவது சுவையானதொரு தலைகீழாக்கம். பிளெக்கானவ் இதனைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார் எனக் கருதலாம். ஆறுமுழ வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர்களும் இதில் இறங்கிய காலம் இருந்தது.

ஊர் முழுவதையும் ஈர்த்த விளையாட்டு கொம்புமுறியாகும். கண்ணகி வழிபாட்டோடு பிணைந்த இவ்விளையாட்டை வித்துவான் வீ. சீ. கந்தையா தமது 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) என்னும் நூலிலே பதிவு செய்துள்ளார். ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு பிரிவாவர். வடசேரி கோவலனுக்குரியது, தென்சேரி கண்ணகிக்குரியது. வளைந்த வைரமான மரக்கவைகள் இரண்டினை ஒன்றோடொன்று கொளுவி, ஒன்றினை அசையாது நிறுத்தி, மற்றதனை வடங்கட்டி இழுப்பர். எவருடைய கொம்பு முறிகின்றதோ அவர் தோற்றவர். கோவலனும் கண்ணகியும் பூப்பறிக்கப் பயன்படுத்திய துறட்டிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டமையே இதன் தோற்றம் என்று கதை கூறுவர். போர்த்தேங்காய் அடித்தலும் இதனோடு சேர்ந்தது. சிறு கொம்புகளில் தொடங்கிப் பெருங்கொம்பில் முடியும் வரை பல நாள்கள் ஊர் இதிலேயே மூழ்கியிருக்கும்.

இதன் காலம் கவனிக்கத்தக்கது. கண்ணகி கோயில்களின் சடங்கும் குளிர்த்தியும் வைகாசியை ஒட்டி நிகழ்வன. பெரும்போக அறுவடை முடிந்து களஞ்சியத்தில் நெல் இருக்கும் காலம் அது. மாரி வெள்ளாமையை மட்டும் நம்பிய நிலங்களில் வேலையற்ற காலம். வெயில் கடுமையாகி அம்மை முதலிய நோய்கள் பரவும் என்று அஞ்சிய காலமும் அதுவே. மழை வேண்டியும் நோய் நீங்கவும் ஆடப்பட்டதே கொம்பு. ஆகவே உழைப்பின் சுழற்சியும் அச்சத்தின் சுழற்சியும் சந்திக்கும் புள்ளியிலே இவ்விளையாட்டு நிற்கின்றது. எந்த நாளிலும் நினைத்தவுடன் கூட்டக்கூடிய கூட்டம் அன்று அது.

சிங்கள மக்களிடையே பத்தினி வழிபாட்டைச் சார்ந்து அங்கெலிய என்னும் பெயரில் இதே விளையாட்டு வழங்குகின்றது. அங்கே உடுபில, யடிபில என்பன இரு பிரிவுகள். கணநாத் ஒபேசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாடு பற்றிய விரிவான ஆய்வு நூலில் இது ஆராயப்பட்டுள்ளது. அவர் உளப்பகுப்பு வழியினையும் பயன்படுத்துபவர். அவ்வழியை நாம் முற்றாக ஏற்பதில்லை. எனினும் ஆண் தெய்வத்தின் கட்சியும் பெண் தெய்வத்தின் கட்சியும் பொருதுமிடத்துக் குடும்பத்தினுள் அடக்கப்பட்ட முரண்கள் வெளிப்படையாகப் பேசப்படுகின்றன என்பது மறுக்கவொண்ணாதது. பாட்டாலே இகழ்ந்து கொள்வதும் இவ்விளையாட்டின் பகுதியே. மற்ற நாளில் சொன்னால் வெட்டுக்குத்தில் முடியும் வசை, கொம்பு நாளில் பாட்டாகின்றது. தோற்றவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கொம்புமுறி ஊரைச் சேர்த்தது எனில், அது ஊரை இரண்டாகப் பிரித்ததன் மூலமே சேர்த்தது என்பது நமது கருத்து. மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருவது. கொம்பின் சேரியோ தந்தைவழியாக வருவதென்று கூறப்படும். இவ்வாறாயின், தாய்வழிக் குடியால் ஒன்றுபட்டவர் கொம்பு வீதியில் எதிரெதிரே நிற்க நேரும்; குடியால் வேறுபட்டவர் ஒரே வடத்தைப் பற்றுவர். அன்றாட வாழ்வின் பிரிவுக்கோட்டின் மீது விளையாட்டின் பிரிவுக்கோடு குறுக்காக விழுகின்றது. நேற்று வாய்க்கால் நீருக்குச் சண்டையிட்டவன் இன்று நமது வடத்தின் பின்பக்கத்திற் சேர்ந்து இழுக்கின்றான். எல்லாரும் ஒன்று என்று கூறிக் கைகோத்து நிற்கும் கூட்டத்தினும் இத்தகைய குறுக்குப் பிரிவு வலியது. ஒருவன் இன்ன கட்சி என்பதனால் அவன் இல்லாதபோது அவனது இடம் வெறுமையாகத் தெரிகின்றது. பார்வையாளனின் இடம் அவ்வாறு தெரிவதில்லை.

ஆயின் குறுக்குப் பிரிவுக்கு எல்லையும் இருந்தது. கொம்பைத் தொட்டோர் ஆண்களே. பெண் தெய்வத்தின் விழாவிற் பெண்களின் பங்கு குரவையும் சமையலும் பார்வையுமே. பறை கொட்டியும் ஊழியஞ் செய்தும் விழாவை நடத்திக் கொடுத்த சாதியினர் விழாவின் ஏனைய நேரங்களிற் சமமாக நடத்தப்படவில்லை. கோயிலின் வண்ணக்கர் பதவியும் முதல் மரியாதையும் மேலாதிக்கக் குடிகளின் கையிலிருந்தன. ஏழை எளியவனும் போடியாரும் ஒரே வடத்தைப் பிடித்தனர் என்று மகிழ்வோர், வடத்தை விட்டபின் வயல் யாருடையதாக இருந்தது என்பதையும் கேட்க வேண்டும். விளையாட்டு முரணைத் தணித்தது, தீர்க்கவில்லை. தணித்தமையால் நிலைபேற்றுக்கு உதவியது என்றுகூடக் கூறலாம்.

வசை கைகலப்பாகியமை, நிலவுடைமை சிதறியமை, நகரக் கல்வி பெற்றோர் இதனை நாகரிகமற்றதெனக் கருதியமை முதலிய காரணங்களாற் பல ஊர்களிற் கொம்புமுறி கைவிடப்பட்டது. சிலவிடங்களில் அண்மைக் காலத்தில் மீண்டும் முறிக்கப்படுகின்றது. தேற்றாத்தீவிலே கொம்புச்சந்திப் பிள்ளையார் கோயில் என்று இன்றும் வழங்கும் பெயர், விளையாட்டு நடந்த சந்தியை நினைவூட்டி நிற்கின்றது.

ஊர்த்திருவிழா ஆண்டுக்கொருமுறை வருவது. சாவோ எந்த வாரத்திலும் வரும். திரையற்ற விளையாட்டிரவு ஒன்று இலங்கையிற் கேட்டாரின்றியே இன்றும் நடந்து வருகின்றதெனின் அது சாவீட்டிலேயே. பிணத்தைத் தனியே விடலாகாது. விடியும்வரை விழித்திருக்க ஆள் வேண்டும். முற்றத்திற் பந்தலிட்டு, தேநீரும் வெற்றிலையும் வைத்து, ஆடவர் கடதாசி விளையாட்டில் அமர்வர். கரம் பலகையும் வரும். இங்கும், பரணிற் போலவே, விளையாட்டு விழித்திருத்தலின் கருவி. பெரும்பாலும் ஆடப்படுவது முந்நூற்று நாலு. முப்பத்திரண்டு கடதாசிகள், நால்வர், எதிரெதிரே அமர்ந்தோர் கூட்டாளிகள். யாக் எனப்படும் சேவகனுக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76 ஆக நான்கினத்துக்கும் 304. ராசாவைச் சேவகன் பத்துமடங்கால் வெல்லும் இவ்வொழுங்கு ஐரோப்பியச் சீட்டாட்டக் குடும்பமொன்றைச் சார்ந்தது. ஒல்லாந்தரிடையே வழங்கும் ஆட்டமொன்றோடு நெருங்கிய உறவுடையது. மட்டக்களப்புக் கோட்டையை 1638இற் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியோர் அவர்களே என்பதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். இதற்குப் புரட்சிகரப் பொருள் கற்பிக்க நாம் விரும்பவில்லை. ஆனால் வாத்தியாரும் கூலிக்காரனும் எதிரெதிரே அமர்ந்து கூட்டாளிகளாகும் இரவாகச் சாவீட்டு இரவு அமைவதுண்டு. உள்ளே பெண்கள் ஒப்பாரி சொல்லிக்கொண்டிருப்பர். கடதாசி அவர்கள் கைக்கு வருவதில்லை.

இனித் திரைக்கு வருவோம். ரூபவாகினி தனது ஒளிபரப்பை 1982இல் தொடங்கியது. அப்பத்தாண்டில் தமிழ்க் கிராமங்களில் ஓர் இரவுக் கூட்டம் உருவாகிற்று. இளைஞர் காசு சேர்த்து, தொலைக்காட்சிப் பெட்டியும் ஒளிநாடாக் கருவியும் மின்பிறப்பாக்கியும் வாடகைக்கு எடுத்து, முற்றத்திற் பாய் விரித்து, விடிய விடிய மூன்று நான்கு படம் போடுவர். படம் இடையில் நின்றால் ஊரே கத்தும்; எண்ணெய் தீர்ந்தால் மீண்டும் காசு சேரும். கூத்தைத் திரை விழுங்கிற்று என்று அன்று வருந்தினோர் உண்டு. அது நியாயமே. எனினும் அத்திரையின் முன்னே மக்கள் கூடியிருந்தனர் என்பதும் உண்மை. மூலையில் நித்திரையான குழந்தை யாருடையது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஆகவே மக்களைப் பிரித்தது திரை என்னும் பொருள் அன்று, அதன் உடைமைமுறையே. ஊருக்கொரு திரை வீட்டுக்கொன்றாகி, இன்று கைக்கொன்றாகிவிட்டது. அதனோடு வாணிப முறையும் மாறிற்று. முன்னர் படத்தை நாம் வாடகைக்கு எடுத்தோம். இப்போது நமது நேரத்தையும் கவனத்தையும் பொதி செய்து விளம்பரதாரருக்கு விற்கும் நிறுவனங்கள் உள்ளன. உழைப்பு நேரத்தை முதலாளி வாங்கினான் என்று மார்க்ஸ் காட்டினார். உழைப்புக்கு வெளியே எஞ்சிய நேரமும் சந்தைப் பண்டமாகிய நிலையில் நாம் வாழ்கின்றோம். இந்நிலையில், விற்கப்படாத சில மணி நேரத்தைக் கேட்கும் விளையாட்டிரவுக் கோரிக்கையின் உள்ளே நியாயமான ஓர் உரிமைக் குரல் இருக்கின்றது. அதனைத் தனிமனித ஒழுக்கப் போதனையாகச் சுருக்கிவிடுவதே தவறு.

கரடியனாற்றைப் பொறுத்தவரை, பிரிவுக்குத் திரையைவிடக் கொடிய காரணம் வேறுண்டு. புறநானூற்றின் ஐம்பத்திரண்டாம் பாடலில் மருதன் இளநாகனார் காட்டும் காட்சி ஒன்று நினைவுக்கு வருகின்றது. போருக்கு அஞ்சி மக்கள் நீங்கிய ஊர். அதன் பொதியிலைத் தெய்வமும் கைவிட்டுவிட்டது. நரைத்த முதியோர் நெடுங்காலம் வல்லாடிக் காய்களை இட்டிட்டுக் குழிந்த நிலத்திலே காட்டுக்கோழி முட்டையிடுகின்றது. அக்காய்க்கு அப்பாடலில் வழங்கும் பெயர் நாய். நாயும் புலியும் என்று நம் பிள்ளைகள் நிலத்திற் கீறி ஆடும் ஆட்டத்திலும் காயின் பெயர் நாயே. பாழின் அளவைக் காட்டப் புலவர் தேர்ந்தெடுத்தது அரண்மனையையோ கோட்டையையோ அன்று, விளையாடிய குழியையே என்பது கருதத்தக்கது. ஊர் இருந்தது என்பதற்கு அக்குழியே சான்று.

படுவான்கரை இத்தகைய பாழைப் பன்முறை கண்டது. 1990இன் வன்செயல்களின் பின் மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் பகுதிக்கு ஒருவர் செல்ல அஞ்சினர். ஏறாவூர் முஸ்லிம் கமக்காரர் பலர் படுவான்கரையிலிருந்த தமது வயல்களை அணுக முடியாதோராயினர். ஒரே வாய்க்காலைப் பகிர்ந்தோர் முகம் பாராதோராயினர். 2007இன் முற்பகுதியிலே படுவான்கரை மக்கள் பெருந்தொகையாக வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தபோது ஊர் இருந்தது. ஊரின் ஒழுங்கு இருக்கவில்லை. அண்ணாவியார் ஓரிடம், ஆடுவோர் ஓரிடமாயினர்.

இச்சூழலில் விளையாட்டின் வாயிலாக மக்களைச் சேர்க்க எடுக்கப்பட்ட முயற்சிகளுள் 1996இல் மட்டக்களப்பில் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா குறிப்பிடத்தக்கது. யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் கனேடிய ஓவியர் போல் ஹோகனும் இதன் உருவாக்கத்திற் பங்குகொண்டனர். போரினாற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் வெவ்வேறு ஊர்களிலிருந்து பேருந்தில் அழைத்துவரப்பட்டு, மாதக்கணக்காக வாரந்தோறும் ஒன்றாக விளையாடினர், வரைந்தனர், கதை புனைந்தனர். வெளிநாட்டு நிதியில் தங்கியிருப்பது இத்தகைய நிறுவனங்களின் இயல்பான குறைபாடு. பெரியவரின் நில வழக்கைப் பிள்ளைகளின் விளையாட்டுத் தீர்க்கப்போவதுமில்லை. ஆயினும் ஒரே பிள்ளை அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் வந்தது என்பதே இம்முயற்சியின் பலம். ஓரிரவிற் கூட்டிக் கலைக்கும் நிகழ்ச்சிகளுக்கு இப்பலம் இல்லை. 2000களின் தொடக்கத்திற் சீலாமுனையிற் சி. ஜெயசங்கரும் அவருடன் இயங்கியோரும் மேற்கொண்ட கூத்து மீளுருவாக்கம் வேறொரு வழியைக் காட்டிற்று. பழைய பிரதியைப் புனிதமெனக் கொள்ளாது, அதிலுள்ள சாதி, பால் சார்ந்த இழிவுகளை ஆடுவோரே களரியில் இருந்து விவாதித்து மாற்றினர். நமது நோக்கில், மரபைக் கையாளவேண்டிய முறை இதுவே.

இவற்றை மனங்கொண்டு, இன்று கரடியனாற்றில் ஒருவர் விளையாட்டுக் கூட்டமொன்றை நடத்த விரும்பின் என்ன செய்யலாம் என்று கேட்கப்படலாம். ஆய்வாளர் இத்தகைய வினாக்களை ஒதுக்குவது வழக்கம். நாம் ஒதுக்க விரும்பவில்லை. இரவு என்பதையே முதலில் ஆராய வேண்டும். யானை நடமாடும் வீதியிற் பிள்ளைகளோடு பத்து மணிக்கு வீடு திரும்புமாறு எவரையும் அழைக்கலாகாது. பிற்பகலிற் கூடி, நிலவெழும்போது உச்சமடைந்து, நேரத்தோடு கலையும் கூட்டமே இங்கு பொருந்தும். பூரணை நாள் இந்நாட்டில் விடுமுறையாதலாற் கூலி இழக்காமற் பலர் வரலாம், மின்விளக்கும் தேவைப்படாது. வயலிற் காவல் வேண்டப்படும் மாதங்களிற் கூட்டம் வைத்தால் வருவோர் நிலமற்றோரும் உத்தியோகத்தருமே. அறுவடை முடிந்த பின்னரே ஊர் வரும். விளையாட்டைத் தெரியுமிடத்து ஒருவர் ஆடப் பலர் பார்ப்பதை விடுத்துக் கட்சி பிரிந்து பலர் ஆடுவதைத் தெரிதல் நன்று. கட்சியைக் குடியாலோ கோயிலாலோ பிரிக்காது சீட்டுக் குலுக்கிப் பிரித்து, அதே கட்சியை ஆண்டு முழுவதும் வைத்திருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறையும் மாற்றினாற் கடனும் பகையும் வளரா. அவை வளராத இடத்தில் விளையாட்டுக்குச் சுவையில்லை. கயிறும் கரம் பலகையும் யாருடைய வீட்டில் இருக்கின்றன என்பதும் சிறிய கேள்வியன்று. ஒருவர் வீட்டில் இருந்தால் அவர் புதிய வண்ணக்கர் ஆவார். கட்சிகள் மாறிமாறி வைத்திருத்தலே தக்கது.

பெண்களின் நிலைமை இதனிலும் சிக்கலானது. இன்று இவ்வூர்களிற் பெண்கள் ஒழுங்காகக் கூடும் கூட்டங்களுள் ஒன்று நுண்கடன் நிறுவனத்தின் வாராந்தக் கூட்டம். நாள், நேரம், இருக்கை எல்லாம் தவறாது. ஒருத்தி வராவிடின் அவளது தவணையை மற்றவர் பொறுக்க வேண்டும். வராதவளின் இடம் வெறுமையாகத் தெரியும் கூட்டம் அதுவும்தான். கொம்பின் கட்டுப்பாட்டைக் கடன் கைப்பற்றிக்கொண்டது. இக்கடனின் சுமையிற் பலர் மத்திய கிழக்குக்கு வீட்டுப் பணிக்குச் சென்றுள்ளனர். விளையாட்டு நாளிற் சமையலைப் பெண்களின் தலையிற் சுமத்திவிட்டு, ஆண்கள் கயிறிழுப்பதாயின் அது பழைய குளிர்த்தியின் மறுபதிப்பாகவே முடியும். அன்று அடுப்பு ஆண்களுடையதாக வேண்டும். முந்நூற்று நாலும் பெண்களுக்குக் கற்பிக்கப்பட வேண்டும். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இதனை முன்னின்று நடத்தினால், ஆடவர் ஒருமுறையேனும் விருந்தினராக வந்து பார்க்கலாம்.

வாசலிற் கைத்தொலைபேசிகளைக் கூடையில் இடச் சொல்வோர் ஒன்றைக் கருத வேண்டும். தாய் வெளிநாட்டிலுள்ள வீட்டில் அத்திரை வெறும் பொழுதுபோக்கன்று; பிள்ளை தாயின் முகத்தைக் காணும் ஒரே இடம் அது. றியாத்திலும் குவைத்திலும் இரவு பத்து மணியாகிப் பணிப்பெண்ணின் வேலை ஓயும்போது கரடியனாற்றிற் பன்னிரண்டரை ஆகின்றது. அந்நேரத்தில் அழைப்பு வரும் வீடுகள் உள்ளன. அதற்காகப் பிள்ளை விழித்திருக்கின்றது. அவ்வழைப்பு வேலை நடுவிற் கிடைத்த சிறு ஓய்வில் மாலையிலும் வரக்கூடும். எனவே கூடையில் இடுவதாயின், அவ்வீட்டாரின் தொலைபேசி மட்டும் ஒருவர் கையில் விழித்திருக்கட்டும். அழைப்பு வந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, கிளித்தட்டின் கோடுகளையும் கோட்டில் நிற்கும் மகளையும் அவளுக்குக் காட்டலாம். அவள் எந்தக் கட்சி என்பதையும் அன்றே சீட்டுக் குலுக்கித் தீர்மானித்துவிடலாம்.